விரலிடுக்கில் ராணி பூசிய மருந்து

வட்டகொடையிலிருந்து போனில் அழைத்த சுகாதாரத் தொண்டர் பெண் அழுதுகொண்டே சொன்னாள். "மிஸ், நம்ம ராணியக்கா போயிட்டாங்க மிஸ். காலையில பிள்ளைக்காம்பரா கதவத் தொறக்கப் போனவங்க, நெஞ்சப் புடிச்சிக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாங்களாம்." ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது, நான் செத்தால் இவள் இப்படி அழுவாளா என்பதுதான். இத்தனைக்கும் அவளுக்கு முதல் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான்.

உங்களில் பலருக்கு ராணியைத் தெரியும். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொண்ட ஆயம்மா அவர். நான் சான்றிதழ் வாங்கிய மருத்துவமாது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களில் சிரங்கு விடாமல் பரவியபோது, தோட்டத்துச் சுகாதாரத் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. தோலுக்குள் குடைந்து முட்டையிடும் அந்தச் சின்னப் பூச்சியை ஆளுயரத்துக்கு வரைந்து சுவரில் மாட்டினேன். கழுத்திலிருந்து பாதம் வரை மருந்து பூச வேண்டும், வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும் என்று சொல்லி முடித்ததும், பின்வரிசையில் தொண்டராக உட்கார்ந்திருந்த ராணி எழுந்தார்.

"மிஸ், கையில பூசுனா மறுநா கொழுந்துல மணக்காதுங்களா?"

"அது பாடத்துல இல்ல. உக்காருங்க" என்றேன்.

மூன்று வாரத்தில் அரிப்பு, மருந்து பூசிய அதே லயத்துக்குத் திரும்பி வந்தது. ஜனங்களுக்கு அக்கறை இல்லை என்று அறிக்கை எழுதி அனுப்பினேன். ராணியோ வீடு வீடாகப் போய் விசாரித்திருக்கிறார். பெண்கள் கழுத்திலிருந்து கால்வரை ஒழுங்காகத்தான் பூசியிருந்தார்கள். கையை மட்டும் விட்டுவிட்டார்கள். "கொழுந்துல மருந்து வாடை அடிச்சா மேற்பார்வை பாக்குற கண்டாக்கு ஐயா திட்டுவாங்க. ரொட்டியும் தட்டணும். கைக்கு எப்படி ஆயம்மா பூசுறது?" என்று கேட்டிருக்கிறார்கள். பூச்சிக்குப் பிடித்த இடமே விரலிடுக்குதான். நான் வரைந்த படத்தில் அது சிவப்பு மையில் இருந்தது.

அதற்குப் பிறகு ராணி சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. சனிக்கிழமை வேலை விட்டு வந்து, சமைத்துச் சாப்பிட்டு முடித்த பிறகு, லயம் முழுக்க ஒரே நேரத்தில் பூசினார்கள். ஞாயிற்றுக்கிழமை தேயிலை மலையில் வேலை இல்லை. இடையில் கை கழுவினால் கைக்கு மறுபடி பூச வேண்டும். துணிமணியை வெயிலில் போடச் சொல்லும் என் பாடத்தைக் கேட்டு, "நம்ம ஊருல வெயிலுக்கு எங்க மிஸ் போறது?" என்று சிரித்தார். துவைக்க முடியாத போர்வைகளைப் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் தொடாமல் வைக்கச் சொன்னார். அந்த லயத்தில் சிரங்கு நின்றது. எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த பயிற்சிக்கு அவரையும் பயிற்சியாளராகப் போட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் தூங்கி வழியும் நேரத்தை அவருக்கு ஒதுக்கினேன். ஒருவர்கூடத் தூங்கவில்லை. நானும்தான். "பூச்சிக்கு வெக்கம் கெடையாது, நமக்குத்தான் வெக்கம்" என்பார். "கையில இருந்து ஆரம்பிங்க" என்பார். அவ்வளவு எளிதாக எனக்கு ஏன் பேச வரவில்லை என்று கடைசி வரிசையில் உட்கார்ந்து புழுங்கினேன்.

அட்டன் டவுனில் நடந்த வகுப்பை மட்டும் ராணி இருந்தவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்போது எனக்கே சிரங்கு. பூசிப் பூசிப் பார்த்தும் கையில் போகவே இல்லை. மருத்துவமாது அல்லவா, எதைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கழுவுகிற பழக்கம். கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராணி வகுப்பின் நடுவில் நேரே என்னிடம் வந்தார்.

"மிஸ், கையக் குடுங்க. செஞ்சு காட்டணும்."

அத்தனை பேர் முன்னால் எப்படி மறுப்பது? விரலிடுக்கு, நகத்தடி, மணிக்கட்டு என்று நிதானமாகப் பூசினார். என்னைப் பொம்மையாக்கி வேடிக்கை காட்டுகிறார் என்று எனக்குள் கொதித்தது. முடிந்து கலையும்போது, மேசையைத் துடைக்கிற சாக்கில் காதருகே வந்தார். "நாளை வரைக்கும் கழுவாதீங்க மிஸ். கழுவுனா திரும்பப் பூசுங்க. வீட்டுல எல்லாருக்கும் இன்னிக்கே பூசிடுங்க. இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. அவர் வாய் திறந்திருந்தால் அன்றோடு என் வகுப்பும் மானமும் போயிருக்கும். சிரங்கு ஆறியது. நன்றி என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. நல்லவராகவும் இருந்து தொலைக்கிறாரே என்று அவர் மேல் பொறாமை இன்னும் கூடத்தான் செய்தது.

அவர் அடக்கத்தன்று தோட்டத்தில் மலைக்கு யாரும் போகவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவர் கையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

போன புதன்கிழமை ராணி எடுக்க வேண்டிய வகுப்பை நான் எடுத்தேன். படத்தைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, என் இரண்டு கையையும் நீட்டினேன். "இந்தக் கையில சிரங்கு இருந்துச்சு. பாடம் சொல்லிக் குடுக்குற எனக்கே இருந்துச்சு. வெக்கப்பட்டு மறைச்சேன். ராணிதான் சொகமாக்குனாங்க" என்றேன். பிறகு என் விரலிடுக்கில் நானே மருந்தைப் பூசிக் காட்டினேன். வட்டகொடைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "ராணியக்கா மாதிரியே சொன்னீங்க மிஸ்" என்றாள். இத்தனை வருடம் நான் ஏங்கிய பாராட்டு அதுதான். அதிலும் அவர் பெயர்தான் முதலில் வந்தது.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த ஒரு சொல்: கையிலிருந்து ஆரம்பிங்க. பொறாமையும் மிஞ்சியிருக்கிறது, அது அவ்வளவு சீக்கிரம் போகாது. அன்று வகுப்பு முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் மருந்து வாடை தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டேன். நாளை வரைக்கும் கழுவ மாட்டேன், ராணி.