தூணோரப் பெஞ்சின் குரல்

பகலெல்லாம் பல் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று, அடுத்தவர் வாய்க்குள் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டிருப்பவளுக்கு, தன் வாயைத் திறந்து பாட ஓர் இடம் வேண்டியிருந்தது. அவள் கேட்டது அவ்வளவுதான். வீட்டில் அதற்கு வழியில்லை. அந்த அடுக்குமாடியில் சுவரெல்லாம் சும்மா பேருக்கு. குளியலறையில் இரண்டு வரி பாடினால் பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பக்கமிருந்து தட்டுவார். அடுப்படியில் பாடினால் மாமியாருக்குத் தலைவலி வந்துவிடும். லிஃப்ட் மெக்கானிக்கான புருஷன் வாயால் ஒன்றும் சொல்லமாட்டான், டிவி சத்தத்தைக் கூட்டுவான். பாடாத நாளில் அவளுக்கு நெஞ்சில் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். அதனால்தான் தேவாலயத்துப் பாடகர் குழுவில் போய்ச் சேர்ந்தாள்.

மந்திரி பதவிக்குக்கூட அங்கே இருந்த கெடுபிடி இருக்காது. புதிதாக வருகிறவர்கள் ஒரு வருஷம் பயிற்சி எடுக்க வேண்டும். அதுவரை அங்கி கிடையாது, வரிசையில் இடம் கிடையாது. மைக்குக்குப் பக்கத்தில், தூணோரமாகப் போட்டிருக்கும் பெஞ்சில் இருந்துதான் பாட வேண்டும். "தப்பு எங்கேன்னு எனக்குக் கேக்கணும், வாயை நல்லாத் திறந்து பாடுங்கம்மா" என்பார் பாட்டு சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர். அந்த வருஷம் பெஞ்சில் அவள் ஒருத்திதான். அவளுக்கு அங்கே சொந்தப் பேர்கூட இல்லை. 'பல்லாஸ்பத்திரி' என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஆல்டோ என்கிற தணிந்த பெண்குரலுக்கு முன்வரிசையில் நான்கு அம்மாக்கள் நின்றார்கள். நடுநாயகமாக வக்கீலம்மா. அங்கியின் மடிப்புக் கலைந்துவிடுமோ என்று மூச்சைக்கூடச் சிக்கனமாக விடும் பெண்மணி. பல்லாஸ்பத்திரிக்காரிக்கோ அவர்களைப் பார்த்தாலே மெய்சிலிர்க்கும். தன் குரலையும் அவர்கள் குரலையும் பிரித்துக் கேட்கவே முடியவில்லை, எப்பேர்ப்பட்ட இசைவு என்று வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். பைத்தியக்காரி.

வருஷம் முடிந்தது. போதகர், சபைக்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு அங்கியைப் போட்டுவிட்டார். மாமியார் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் "எங்க மருமக, எங்க மருமக" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தத் தலைவலி எங்கே போய் ஒளிந்ததோ. புருஷனுக்கு வாயெல்லாம் பல். அவளுக்கும் தலைகால் புரியவில்லை. வக்கீலம்மா பக்கத்தில் போய் நின்று முதல் பாட்டைப் பாட ஆரம்பித்தாள்.

இரண்டாவது வரியிலேயே திக்கென்றது. ஆல்டோவில் ஒரே ஒரு குரல்தான் கேட்டது. அது அவளுடையது. ஓரக்கண்ணால் பார்த்தாள். நான்கு வாய்களும் பாட்டுக்கு ஏற்றபடி அழகாகத் திறந்து மூடின. ஊரை ஏமாற்றலாம், அடுத்தவர் வாய்க்குள் எட்டிப்பார்த்துப் பிழைக்கிறவளை ஏமாற்ற முடியுமா? நாக்கு கிடந்த இடத்திலேயே கிடந்தது, தொண்டை அசையவே இல்லை. இந்த ஒரு வருஷமும் அவள் மெய்சிலிர்த்தது தன் குரலைக் கேட்டுத்தான். அதற்குள் வக்கீலம்மா முழங்கையால் ஓர் இடி இடித்தாள்.

ஆராதனை முடிந்து அங்கி மாற்றும் அறைக்குப் போனதும் வக்கீலம்மா பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, காது கிழியுது. அங்கிதான் போட்டாச்சுல்ல, இன்னும் எதுக்கு இந்தக் கத்து கத்துற?"

"பாட வேண்டாமாம்மா?"

"பாடுறதுக்குப் பெஞ்சுக்குப் புதுசா ஆள் வரும். நாங்களும் ஒரு காலத்துல பெஞ்சுல உக்காந்து பாடினவங்கதான்."

அவள் நேரே மாஸ்டரிடம் போனாள். அந்த மனுஷன் ஆர்கனைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதாம்மா? இந்த ஆர்கனே வக்கீலம்மா வாங்கிக் குடுத்ததுதான். நான் யாரைப் போய்க் கேக்குறது? அங்கி வேணும்னா அவங்களோட அவங்களா நில்லுங்க. பாடணும்னா பெஞ்சுக்கு வாங்க. ரெண்டும் வேணும்னா நான் எங்க போவேன்?"

புருஷனும் மாமியாரும் வாசலில் பூரித்துப்போய் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த முகங்களைப் பார்த்த பிறகு அங்கியைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அடுத்த ஆராதனைக்கு வரிசையிலேயே நின்றாள், சத்தம் வராமல் வாயைத் திறந்து திறந்து மூடினாள். ஆல்டோ என்று ஒன்று அன்றைக்கு இல்லவே இல்லை. சபையில் ஒரு ஜீவனுக்கும் அது தெரியவில்லை. கண்ணை மூடித் தலையாட்டி ரசிக்கிறவர்கள் அன்றைக்கும் கண்ணை மூடித் தலையாட்டி ரசித்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் புருஷன் சொன்னான், "இன்னைக்கு உன் குரல் தனியாத் தெரிஞ்சுதுடி. பிரமாதம்."

அவளுக்கு வந்த கோபத்தில் நடுத்தெருவிலேயே நின்றுவிட்டாள். பாடாத நாளின் அந்த நெஞ்சடைப்பு வேறு. வாரம் முழுக்கக் காத்திருந்து அங்கேயும் வாயை மூடிக்கொள்வதற்கு, பேசாமல் வீட்டிலேயே கிடக்கலாமே?

"நான் பெஞ்சுக்கே போறேன்" என்றாள்.

"ஏன், பெயிலாக்கிட்டாங்களா?"

"எங்க வரிசையில யாரும் பாடுறதே இல்ல. எல்லாம் வெறும் வாயசைப்பு."

"சும்மா எதையாவது சொல்லாத. அவங்க எவ்வளவு பெரிய மனுஷங்க!"

மாமியார் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. "ஊருக்கெல்லாம் சொல்லிட்டேனே, இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வெளிய போவேன்" என்று சுவரிடம் முறையிட்டாள். தேவாலயத்திலோ, அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவள் பெஞ்சில் உட்கார்ந்ததைப் பார்த்து எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். பாவம், தேறவில்லை போலிருக்கிறது. வக்கீலம்மாகூடத் திரும்பிப் பார்த்துக் கருணையோடு சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவளுக்குச் சுருக்கென்றது.

அன்றைக்குக் கடைசிப் பாட்டு, நீட்டிப் பாடும் 'ஆமென்' என்ற சொல்லோடு முடிவது. அவள் அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து அதைப் பிடித்தாள். மாஸ்டர் கையைக் கீழே இறக்கினார். ஆர்கன் நின்றது, ஆண்குரல் நின்றது, மேல்குரல் நின்றது, முன்வரிசையின் நான்கு வாய்களும் கச்சிதமாக மூடிக்கொண்டன. அவள் மட்டும் நிறுத்தவில்லை. மூடிய வாய்களுக்கு மேலே ஆல்டோ கணீரென்று போய்க்கொண்டே இருந்தது.

சபை முழுக்கத் தலை நிமிர்ந்தது. வக்கீலம்மா அவசர அவசரமாக வாயைத் திறந்தாள். மற்ற மூன்று பேரும் அவளைப் பார்த்துத் திறந்தார்கள். எப்போது மூடுவது என்று தெரியாமல் விழித்தார்கள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்த புருஷன் அந்த வாய்களைப் பார்த்தான், பிறகு மெதுவாகத் தூண் பக்கம் திரும்பினான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே, இருக்கிற மூச்சு தீரும்வரை பாடினாள்.