பதினைந்தால் வகுத்த பெற்றோல்

நாடெங்கும் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருடம், நெல் வேளாண்மை வெட்டுக் காலத்தில் நடந்தது இது. மட்டக்களப்பு நகரிலிருந்து உன்னிச்சைக்கு, மனைவியின் அண்ணன் வீட்டுக்குக் காரில் போயிருந்தோம்.

என் காரில் பெற்றோல் அளவைக் காட்டும் முள் பழுதாகி வெகுநாள். நான் திருத்தவில்லை. கணக்குத் தெரிந்தவனுக்கு முள் எதற்கு? பெற்றோல் தாராளமாகக் கிடைத்தபோது, தாங்கியை வாய்வரை நிரப்பி, கல்முனைவரை போய் வந்து, மறுபடியும் வாய்வரை நிரப்பிப் பார்த்திருந்தேன். ஓடிய கிலோமீற்றரை இரண்டாம் தடவை பிடித்த லீற்றரால் வகுத்தால் பதினைந்து வந்தது. பங்கீட்டுக் காலம் முழுக்க அந்த ஒரு எண்ணை வைத்தே சமாளித்தேன். "பெற்றோல் கிடக்கா எண்டு கேட்டா, இந்த மனிசன் போனில வகுத்துப் பாக்குது" என்று மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அன்று பகல் வயலில் நின்ற மச்சானைப் புடையன் பாம்பு கடித்துவிட்டது. அம்புலன்ஸ் வேறொருவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்றார்கள். மச்சானைப் பின்சீட்டில் கிடத்தி, மனைவி அவர் காலை அசையாமல் பிடித்துக்கொள்ள, நான் காரை எடுத்தேன். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். இரண்டு லீற்றர் போதும். என் கணக்கில் மூன்று இருந்தது.

வவுணதீவுக்கு முன்னாலேயே கார் குலுங்கி நின்றுவிட்டது. பெற்றோல் இல்லை. வீதியில் வேறு வாகனமும் இல்லை. மச்சானின் பல் முரசிலிருந்து இரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினைந்து என்பது வழுவழுப்பான காப்பெற் வீதியில், தனியாக, மேல் கியரில் போன கணக்கு. இந்தக் கரடுமுரடான கிறவல் பாதையில் போகும்போதும் வரும்போதும் கார் பாதித் தூரம் இரண்டாம் கியரில்தான் பெற்றோலைக் குடித்துக்கொண்டு இழுத்தது.

பக்கத்து வயலில் வெட்டு மெஷினோடு நின்றவர்கள் ஓடி வந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள். ஒருவர் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, வரம்போரம் நின்ற மோட்டார் சைக்கிள்களைத் தள்ளிவரச் சொன்னார். சோறு கொண்டுவந்திருந்த பெண் தண்ணீர்ப் போத்தல்களைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு நீட்டினாள். மோட்டார் சைக்கிள்களின் பெற்றோல் ரியூப்பைக் கழற்றிப் போத்தலில் பிடித்தார்கள்.

"ஒரு லீற்றர் காணும் அண்ணன். இன்னும் கொஞ்சத் தூரந்தான்" என்றேன். அப்போதும் புத்தி விடவில்லை.

"கணக்க மறுகா பாப்பம். மூடியக் கழட்டுங்க" என்றார் அவர்.

"உங்களுக்கும் கிழமைக்கு இவ்வளவுதானே..."

"நாங்க நடப்பம். அவர் நடப்பாரா?"

கடைசி மோட்டார் சைக்கிளும் வற்றும்வரை ஊற்றினார்கள். மச்சான் பிழைத்தார். இன்னும் சுணங்கியிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்று டொக்டர் சொன்னார்.

அடுத்த கிழமை என் பங்குப் பெற்றோலில் கொஞ்சத்தைக் கானில் எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். வயலில் வைக்கோல்தான் கிடந்தது. மெஷின் வேறு வயல் வட்டைக்குப் போய்விட்டது. விசாரித்தும் யாரையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

முள்ளைத் திருத்திவிட்டேன். இப்போது தாங்கி நிறையப் பெற்றோல் கிடைக்கிறது. நிரப்பும்போதெல்லாம், அந்த வெயிலில் வெறும் மோட்டார் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு அவர்கள் வீடுபோய்ச் சேர்ந்த தூரம் எத்தனை கிலோமீற்றராக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.