வருவேன் என்று சொன்னது

மே மாதம் பிறந்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் அசதியாகிவிடுகிறது. வேலை எதுவும் செய்ய வேண்டியதில்லை, காலண்டரில் தாள் கிழிந்தால் போதும். மற்ற வீடுகளில் கோடை விடுமுறை என்றால் பிள்ளைகள் மாமா வீட்டுக்குப் போவார்கள். எங்களிடம் பிள்ளைகள் வந்து சேர்வார்கள்.

தம்பிக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன பிறகு, அம்மா அதற்கென்றே ஒரு படிப்பைப் படித்து டீச்சரானாள். அதோடு நின்றிருக்கலாம். இந்த மாதிரிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் மூடியதும் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்களே என்று, முதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தின் இரண்டு வகுப்பறைகளைக் கெஞ்சிக் கேட்டு வாங்கி, இருபது நாள் கோடை முகாம் நடத்தக் கிளம்பிவிட்டாள். ஐந்து வயதிலிருந்து பதினாறு வயது வரைக்கும் பன்னிரண்டு பிள்ளைகள். சமையலுக்குப் பெரியம்மா. உதவிக்கு வருவதாகச் சொன்ன கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் சரியாக நான்கு நாள் வந்தார்கள். ஐந்தாம் நாளிலிருந்து உதவி நான்தான். எனக்குப் பதினோரு வயது.

இருபது நாளும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் கண்டிப்பு. மிக்ஸி சத்தத்துக்குச் சிலர் காதைப் பொத்திக்கொண்டு அலறுவார்கள் என்பதால், பிள்ளைகள் வருவதற்கு முன்பே பெரியம்மா சட்னியை அரைத்துவிட வேண்டும். ஒருவனுக்குச் சாதத்தில் குழம்பு படக்கூடாது. இன்னொருத்திக்கு நீலத் தட்டுதான். பத்தரைக்கு மணல் விளையாட்டு என்றால் பத்தரைக்கு மணல். அடுத்து என்ன என்று சுவரில் படம் ஒட்டியிருக்கும், கரண்ட் போனாலும் அந்தப் படத்தின்படிதான் நடக்கும். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அம்மா தரையில் அப்படியே காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதற்கே கொஞ்ச நேரமாகும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை பேச்சில் இருந்தது. இந்தப் பிள்ளைகள் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வார்கள். அதனால் முகாமில் யாரும் "போயிட்டு வரேன்" என்று சொல்லக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். வரேன் என்றால் அவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். "நான் போறேன். நாளைக்கு வருவேன்" என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பெரியம்மாவுக்கு இது பொறுக்கவே இல்லை.

"நல்லா இருக்குடி உன் படிப்பு. வாயத் தொறந்து போறேன்னு சொல்லிட்டு எவளாச்சும் வாசப்படி தாண்டுவாளா?" என்பாள். கடைசியில் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். எதுவுமே சொல்லாமல் பின்பக்கமாகப் போய்விடுவாள்.

பிள்ளைகளில் எனக்கு ஜோடியாக வந்தது மங்கலம்பேட்டை அக்கா. அவளுக்குப் பதினைந்து வயது, என்னை விட ஒரு முழம் உயரம். முகாமுக்காக அவளும் அவள் அம்மாவும் முதுநகரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்கள். அக்கா அதிகம் பேசமாட்டாள். மணி கோப்பாள், நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். நிறம் மாற்றிக் கொடுத்தால் கையைத் தட்டிவிடுவாள். சாயங்காலம் கிளம்பும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்காமல், என் தோளுக்குப் பின்னால் எங்கோ பார்த்துக்கொண்டு, "நாளைக்கு வருவியா?" என்று கேட்பாள்.

"வருவேன்" என்பேன். மறுநாள் போவேன். போகாமல் எங்கே தப்பிப்பது?

கடைசி நாள் காலையிலேயே அம்மா என்னை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். "கேம்ப் முடிஞ்சிருச்சு, நான் போறேன், நாளைக்கு வர மாட்டேன். இப்படியே சொல்லணும், புரியுதா?" தலையாட்டினேன். என் மனசெல்லாம் சிதம்பரத்தில் இருந்தது. அன்று சாயங்காலமே மாமா வீட்டுக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. மாமா வீட்டில் டிவி உண்டு, மணி கோக்கிற வேலை இல்லை.

சாயங்காலம் கேட்டருகே அக்காவும் அவள் அம்மாவும் நின்றார்கள். அம்மா உள்ளே சாவி ஒப்படைத்துக்கொண்டிருந்தாள். நான் "அக்கா, நான் போ..." என்று ஆரம்பித்ததும் பெரியம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா என்னடி பேச்சு இது? போயிட்டு வரேன்னு சொல்லு."

"போயிட்டு வரேங்க்கா" என்றேன்.

"நாளைக்கு வருவியா?" என்றாள் அக்கா.

பெரியம்மா மேல் பழியைப் போட்டுவிடலாம்தான். ஆனால் இந்தக் கேள்விக்கு என்ன சொல்ல வேண்டும் என்று பெரியம்மா சொல்லித் தரவில்லை. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, விளக்கிச் சொல்லச் சலிப்பாக இருந்தது. "ம்" என்றேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சிதம்பரத்தில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். பகலில் அம்மா தூங்கி நான் பார்த்ததே இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் போன் அடித்தது, எழுந்துவிடப் போகிறாளே என்று ஓடிப்போய் எடுத்தேன். அக்காவின் அம்மா.

"டீச்சர் இருக்காங்களா? புள்ள காலைல ஒம்போது மணிக்கே வந்து ஸ்கூல் கேட்டாண்ட குந்திக்கிச்சும்மா. எழுந்திரின்னா மாட்டேங்குது. தண்ணி கூட குடிக்கல. நீ வருவேன்னு சொன்னியாம்."

"அம்மா தூங்குறாங்க" என்றேன்.

"கொஞ்சம் எழுப்பும்மா. ஊருக்குப் போவணும், பஸ் எல்லாம் போவுது."

"சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுப்பவில்லை. அம்மா தூங்கட்டும் என்று நினைத்தேன், அது பொய்யில்லை. எழுந்தால் என்னைத்தான் கேட்பாள் என்ற பயமும் பொய்யில்லை. பசித்தால் அக்கா தானே எழுந்து போய்விடுவாள் என்று முடிவு செய்துகொண்டு டிவி பார்க்கப் போனேன். என்ன பார்த்தேன் என்று அப்போதே தெரியாது.

ஒரு மணிக்கு மறுபடி போன் வந்தது. இந்த முறை அம்மாவே எடுத்தாள். கேட்கக் கேட்க அவள் முகத்தில் இருந்த தூக்கம் போய்விட்டது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"காலைலயே பண்ணாங்களா?"

தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவாள், அடிப்பாள் என்று நின்றேன். அவள் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, தம்பியை மாமாவிடம் விட்டுவிட்டு, "கெளம்பு" என்றாள். அவ்வளவுதான்.

பஸ் முட்லூரில் நின்றது, ஆலப்பாக்கத்தில் நின்றது, கை காட்டிய இடத்திலெல்லாம் நின்றது. ஜன்னல் கம்பியைத் தொட்டால் சுட்டது. அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று, பஸ் நிற்கும்போதெல்லாம் எப்போது எடுப்பார் என்று டிரைவரையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் போய்ச் சேரும்போது மூன்று மணி. பூட்டிய கேட்டில் முதுகைச் சாய்த்து அக்கா உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது, முகம் கன்றிப் போயிருந்தது. நிழலுக்கு இழுத்தால் கையைக் கடிக்கிறாள் என்று அவள் அம்மா குடையைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். "வந்துட்ட" என்றாள். யாரும் சொல்லாமலே தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

"நீயே சொல்லு" என்றாள் அம்மா.

அம்மா சொல்லிக் கொடுத்தபடியே சொன்னேன். "கேம்ப் முடிஞ்சிருச்சுக்கா. நான் போறேன். நாளைக்கு வர மாட்டேன்."

"நாளைக்கு வர மாட்ட."

"மாட்டேன்."

"நாளான்னிக்கு?"

"அன்னிக்கும் வர மாட்டேங்க்கா."

"சரி" என்று எழுந்து, பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். அவள் அம்மா குடையோடு பின்னால் ஓடினாள். தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன். அக்கா ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

சிதம்பரத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. இருபது நாள் மணி எடுத்துக் கொடுத்திருக்கிறேன், இந்த வெயிலில் வந்திருக்கிறேன், ஒரு டாட்டா கிடையாதா?

"அவுங்களுக்கு எம்மேல பாசமே இல்லம்மா" என்றேன். "திரும்பிக்கூடப் பாக்கல."

அம்மா ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நானும் விட்டுவிட்டேன். ஒன்பது மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் ஒருத்தி எனக்காகக் கத்திரி வெயிலில் உட்கார்ந்திருந்தாளே, அதற்குப் பெயர் என்ன என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.