மூத்தவனுக்கு இடமில்லாத பந்தி

சுகந்தினியின் இங்கிலீசில் பிழை பிடிக்கப் புளியங்குளத்திலிருந்து வவுனியா வரைக்கும் ஆள் கிடையாது என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்லுவார்கள். அவளும் அதை நம்பித்தான் இருந்தாள். நம்பினதில் குற்றமில்லை, உயிரைக் கொடுத்துப் படித்த இங்கிலீசு அது. ஆனால் ஊர்ச்சனம் நிறைந்திருந்த பொதுநோக்கு மண்டபத்தில் வைத்து அந்த இங்கிலீசே அவளைத் தலைகுனிய வைத்தது. எழுத்துப் பிழையா, இலக்கணப் பிழையா என்று கேட்காதீர்கள். அப்படி ஒரு மண்ணாங்கட்டியும் அதில் இல்லை. அதுதான் கொடுமை.

அவளுடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் குடியேற்றத்துக்கு வந்து நெல் விதைத்த மனிதர். சண்டை முடிந்தபோது சுகந்தினிக்குப் பதின்மூன்று வயது. கையில் ஒரு கொப்பிகூட இல்லாமல் முகாமுக்குப் போன பிள்ளை, திரும்பி வந்து, குண்டும் குழியுமான றோட்டில் சைக்கிள் உழக்கி ரியூசனுக்குப் போய், விழுந்து விழுந்து படித்தாள். படித்த படிப்புக்கு ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு மாடு, ஆடு, தையல் மெசின் கொடுக்கிற நிறுவனம். கொடுத்த பிறகு அந்தக் குடும்பம் எப்படி நிமிர்ந்தது என்று காசு தந்த வெளிநாட்டவருக்கு இங்கிலீசில் ஒரு பக்கம் எழுத வேண்டும். அதற்கு 'வெற்றிக்கதை' என்று பெயர். எழுதுகிறவள் சுகந்தினி.

எழுதப் பழக்கினவர் கொழும்புத் தலைமை அலுவலகத்துக் கனகலிங்கம் சேர். வவுனியாவுக்கு வந்து ஒரு கிழமை வகுப்பு எடுத்தார். கெட்டிக்காரன், அதில் மறுபேச்சில்லை. வாசிக்கிறவன் ஒரு தரம் வாசித்தாலே விளங்க வேண்டும் என்பார். நாலு வசனம் சேர்ந்த ஒரு பந்தி என்றால் அதற்குள் ஒரு விசயந்தான் இருக்கலாம், அதற்கு உதவாத வசனம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் இரக்கமில்லாமல் வெட்டு என்பார். எல்லா வசனத்தையும் ஒரே சொல்லில் தொடங்கினால் வாசிக்கிறவன் நித்திரையாய்ப் போவான் என்றும் சொல்லுவார். சுகந்தினி இதையெல்லாம் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். தம்பி போனில் அனுப்புகிற இரண்டு வரிச் செய்தியைக்கூட, “இதில ரெண்டு விசயம் கிடக்கு, பிரிச்சு எழுது” என்று திருப்பி அனுப்புவாள். அவ்வளவு விசர்.

இப்படி இருக்கும்போதுதான் லக்ஷன்ர அம்மாவின் கதையை எழுத வேண்டி வந்தது.

லக்ஷன்ர அம்மாவின் சொந்தப் பெயர் சிவலட்சுமி. ஆனால் எங்கள் பக்கத்தில் மூத்த பிள்ளை பிறந்த அன்றைக்கே தாயின் பெயரை ஊர் மறந்துவிடும். பிறகு அவள் இன்னாருடைய அம்மாதான், சாகும் வரைக்கும். சிவலட்சுமியின் தாய் தகப்பன் மலையகத்துத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். புருசன் பாம்பு கடித்துச் செத்துப் போனான். மூன்று பிள்ளைகளில் மூத்தவன் லக்ஷன், அவனுக்கு அடுத்தவள் யதுர்ஷிகா. கடைசியாக லக்ஷனைக் கண்டது முள்ளிவாய்க்காலில். தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று வாளியோடு போனவன். அவ்வளவுதான். இருக்கிறான் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மரணச் சான்றிதழை எடு, உதவி கிடைக்கும் என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். மனுசி மசியவில்லை.

சுகந்தினி கதை கேட்கப் போன அன்று சிவலட்சுமி பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்து, கதிரையை நிழலுக்குள் இழுத்துப் போட்டுவிட்டு, முதலில் அவள்தான் கேள்வி கேட்டாள்.

“மிஸ், இங்கிலீசில எழுதினா இது எங்கையெல்லாம் போகும்?”

“எல்லா இடமும் போகும் அம்மா. லண்டன், நோர்வே, கனடா. இன்டர்நெட்டிலயும் போடுவம்.”

“அங்கை இருக்கிற ஆக்கள் வாசிப்பினமோ?”

“ஓம், வாசிப்பினம்.”

மனுசிக்குப் பெருமைதான் போல என்று நினைத்துச் சுகந்தினி சிரித்துக்கொண்டு போனில் பதிவுப் பொத்தானை அமத்தினாள். சிவலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். மாட்டைப் பற்றிக் கேட்டால், “லக்ஷனுக்குத் தயிரெண்டா உயிர்” என்றாள். கொட்டிலைப் பற்றிக் கேட்டால், “லக்ஷன் நிண்டிருந்தா இதை ஒரு நாளில போட்டிருப்பான்” என்றாள். பால் விற்ற காசில் என்ன செய்தாய் என்றால், “லக்ஷன்ர தங்கச்சியைப் படிப்பிச்சனான்” என்றாள். ஒரு வசனம் தப்பாமல் லக்ஷன், லக்ஷன், லக்ஷன். இடதுபக்க இமையில் ஒரு தழும்பு இருக்கும், ஆட்டுக்குக் குழை வெட்டப் போய்க் கத்தி பட்டது என்று, கேட்காததையும் சொன்னாள்.

அலுவலகத்துக்கு வந்து எழுத உட்கார்ந்த சுகந்தினிக்குத் தலை சுற்றியது. இதை எப்படிப் பந்தியாக்குவது? விசயம் மாடு. மாட்டால் ஒரு குடும்பம் நிமிர்ந்த கதை. இமையில் இருந்த தழும்புக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம்? தழும்பை வெட்டினாள். தயிரை வெட்டினாள். காணாமற்போன பிள்ளைக்குத் தனியாக ஒரு பந்தி வைக்கலாம் என்று பார்த்தாள். ஒரு பக்கத்துக்குள் படமும் வர வேண்டும், இடமில்லை. அதையும் வெட்டினாள். கடைசியில், வசனத்தைப் பெயரில் தொடங்காமல் வேறு விதமாகத் தொடங்குவோம் என்று, 'இரு பிள்ளைகளின் தாயான சிவலட்சுமி' என்று இங்கிலீசில் தொடங்கினாள். அந்த வீட்டில் இப்போது இருப்பது இரண்டு பிள்ளைகள்தானே என்று கை தன்பாட்டில் எழுதிவிட்டது. கனகலிங்கம் சேர் கோல் எடுத்து, “முத்து முத்தாய் எழுதியிருக்கிறியள், ஒரு சொல் கூடவுமில்லை குறையவுமில்லை” என்றார். சுகந்தினிக்கு உச்சி குளிர்ந்துபோனது.

வழக்கமாக இங்கிலீசு இங்கிலீசாகவே கொழும்புக்குப் போய்ப் புத்தகமாகிக் கடல் கடந்துவிடும். கதைக்குரியவர் காதில் அது ஒருநாளும் விழாது. இந்த முறை காசு தந்தவர்களே நேரில் வந்தார்கள். மண்டபத்தில் கூட்டம். முகாமையாளர் ஜனார்த்தனன் நல்ல மனிதர்தான், கொஞ்சம் படம் காட்டுகிற குணம். புத்தகத்தில் இருந்ததைத் தமிழாக்கி ஒலிவாங்கியில் முழங்கினார்.

“இரு பிள்ளைகளின் தாயான சிவலட்சுமி, ஒரேயொரு பசுவைக் கொண்டு தன் வாழ்வைக் கட்டியெழுப்பினார்! யதுர்ஷிகாவின் தாயாரை மேடைக்கு அழைக்கிறோம்!”

ஒருவரும் எழும்பவில்லை. ஜனார்த்தனன் இன்னொரு தரம் கூப்பிட்டார். அப்போதும் இல்லை. சனம் ஆளையாள் பார்த்தது. பக்கத்துக் கதிரைக்காரிதான் சிவலட்சுமியின் கையைச் சுரண்டி, “லக்ஷன்ர அம்மா, உங்களையெல்லோ கூப்பிடினம்” என்றாள்.

சிவலட்சுமி மெல்ல எழுந்து நின்றாள். மேடைக்குப் போகவில்லை.

“அது நானில்லைத் தம்பி,” என்றாள். “நான் லக்ஷன்ர அம்மா. எனக்கு மூண்டு பிள்ளையள்.”

வந்திருந்த வெள்ளைக்காரருக்கு என்ன தெரியும் பாவம், மனுசி நன்றி சொல்கிறாள் என்று நினைத்து, வாயெல்லாம் பல்லாகக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்குள்ளே சிவலட்சுமி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். சுகந்தினி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தான் எழுதினது எது, வெட்டினது எது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஐயோ, ஒரு பிள்ளையை அல்லவா வெட்டியிருக்கிறாள்!

அன்று வீட்டுக்குப் போனவளுக்குச் சோறு இறங்கவில்லை. குசினியில் தாய் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். சண்டைக்குள் இடம்பெயர்ந்து நடந்தபோது இந்தத் தாய் வழியெல்லாம் பிள்ளைகளின் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தது ஞாபகம் வந்தது. ஒரு தரம் எண்ணிக்கை பிழைத்துப்போய், சுகந்தினீ என்று தாய் குழறின குழறல் இன்னும் காதில் இருக்கிறது. சுகந்தினி பின்னால்தான் நின்றாள். அவள் கிடைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அலுவலகப் படலையடியில் ஒரு மாடு நின்றது. நல்ல செங்காரிப் பசு. கயிற்றைப் பிடித்தபடி சிவலட்சுமி. விடிய முதலே வெளிக்கிட்டு, காட்டுப் பாதையால் நடத்திக்கொண்டு வந்திருக்கிறாள். ஜனார்த்தனன் பதறியடித்து வெளியே ஓடி வந்தார்.

“என்னம்மா இது?”

“இது ரெண்டு பிள்ளையள் உள்ள சிவலட்சுமிக்குக் குடுத்த மாடாம். அந்த மனுசியைத் தேடிப் பிடிச்சுக் குடுங்கோ.”

“ஒரு சொல் மாறிப் போச்சு அம்மா, இதுக்குப் போய்... புத்தகம் அடிச்சு முடிஞ்சுது. அடுத்த முறை திருத்துவம். முதல்ல மாட்டை நிழலில கட்டுங்கோ, வெள்ளைக்காரர் இண்டைக்கும் வருவினம்.”

சிவலட்சுமி அவரைப் பார்க்கவே இல்லை. வாசலில் நின்ற சுகந்தினியைப் பார்த்தாள்.

“மிஸ், அவன் செத்திட்டான் எண்டு கையொப்பம் வையுங்கோ எண்டு எத்தினை பேர் கேட்டவை. நான் வைக்கேல்லை. நீங்கள் என்ர பெடியனை இங்கிலீசில சாக்காட்டிப் போட்டியளே!”

பிழை அம்மா, பெரிய பிழை என்று சொல்லச் சுகந்தினி வாயெடுத்தாள். சிவலட்சுமி விடவில்லை.

“மாட்டுக்காகவோ நான் உங்களுக்குக் கதை சொன்னனான்? லண்டன், கனடா எல்லாம் போகுமெண்டு சொன்னியளெல்லோ. அங்கை எங்கையும் அவன் இருந்தா, ஆராவது வாசிச்சுச் சொல்லுவினமெண்டெல்லோ அவன்ர பேரைத் திருப்பித் திருப்பிச் சொன்னனான். இமையில இருக்கிற தழும்பு முதற்கொண்டு சொன்னனானே!”

சுகந்தினி படியில் அப்படியே குந்திவிட்டாள். அன்றைக்குச் சிரித்தது ஞாபகம் வந்தது. பெருமை என்று நினைத்தாளே! மகனைத் தேடிக் கடல் கடந்து போக இருந்த சேதியைப் பிடித்து, பாலும் சாணியும் மட்டும் மிஞ்சும்படி வடிகட்டி அனுப்பியிருக்கிறாள், அதற்குப் பாராட்டும் வாங்கியிருக்கிறாள். இப்படியும் ஒரு கெட்டித்தனம் உண்டா!

அவள் எழும்பி உள்ளே போய் லப்டொப்பைத் தூக்கி வந்து, அதே படியில் இருந்து எழுதத் தொடங்கினாள். எழுதி முடித்ததும் இங்கிலீசில் சத்தமாக வாசித்துக் காட்டினாள். சிவலட்சுமிக்கு இங்கிலீசு ஒரு சொல் தெரியாது. தலையைச் சரித்து, காது கொடுத்துக் கேட்டாள். லக்ஷன் என்ற பெயர் வந்ததும் தலையாட்டினாள். பிறகு கடைசி வரைக்கும் காத்திருந்தாள்.

“ஒருக்காத்தானே வந்தது?”

“பிறகு 'அவன்' எண்டு போட்டிருக்கிறன் அம்மா. இங்கிலீசில அப்பிடித்தான் எழுதுறது.”

“அவன் எண்டா ஆரும் இருக்கலாம் மிஸ். பேரைப் போடுங்கோ.”

போட்டாள். லக்ஷன் தண்ணீர் எடுக்கப் போனவன். லக்ஷனுக்கு இடது இமையில் தழும்பு. லக்ஷனுக்குத் தயிர் விருப்பம். லக்ஷனின் தாய் லக்ஷனுக்காக மாடு வளர்க்கிறாள். ஒவ்வொரு வசனமும் அதே சொல்லில் தொடங்கியது, வகுப்பில் கனகலிங்கம் சேர் வேண்டாம் என்று மேசையில் தட்டிச் சொன்ன அதே மாதிரி. வாசிக்க வாசிக்கச் சிவலட்சுமி ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டினாள். இன்னொருக்கா வாசியுங்கோ என்றாள். வாசித்தாள். சுகந்தினியின் குரல் உடைந்துபோன இடத்தில், “சொல்லுங்கோ மிஸ், நிப்பாட்டாதேங்கோ” என்றாள். ஜனார்த்தனன் வாளியில் தண்ணீர் கொண்டு வந்து மாட்டுக்கு முன்னால் வைத்தார்.

“இது போகுமோ?” என்று சிவலட்சுமி கேட்டாள்.

“போகும். போகாட்டி நான் இஞ்ச இருக்கமாட்டன்.”

சிவலட்சுமி கயிற்றை எடுத்துக்கொண்டு, மாட்டை வந்த வழியே திருப்பினாள்.

பின்னேரம் கொழும்பிலிருந்து கோல் வந்தது. கனகலிங்கம் சேருக்கு அதிர்ச்சி, குரலிலேயே தெரிந்தது.

“என்ன பிள்ளை நடந்தது உங்களுக்கு? இன்டர்நெட்டில போடச் சொல்லி ஒண்டு அனுப்பியிருக்கிறியள், எல்லா வசனமும் ஒரே மாதிரித் தொடங்குது. நீங்களோ இதை எழுதினது? ஒரு பந்திக்கு ஒரு விசயம் எண்டு எத்தினை தரம் சொன்னனான்?”

“ஒரு விசயந்தான் சேர் இருக்கு. வடிவாப் பாருங்கோ.”

“எங்கை? மாட்டுக்கதைக்குள்ள இந்தப் பெடியன் என்னத்துக்கு?”

“அது பெடியன்ர கதைதான் சேர். மாட்டை வேணுமெண்டா எடுத்துவிடுங்கோ.”