அந்த வீட்டில் யாரும் இல்லை

லண்டனில் சட்டம் படித்து முடித்த எனக்கு, அங்கேயே ஒரு வக்கீல் நிறுவனம் பயிற்சி வக்கீலாகச் சேர இடம் கொடுத்தது. வெளிநாட்டு மாணவி என்பதால் எனக்கான வேலை பெர்மிட்டையும் அவர்களே வாங்கி, நான் திரும்பி வந்திருந்த எங்கள் மைசூர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அதைக் காட்டிச் சென்னையில் விசா வாங்க வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் இடித்தது. என் பாஸ்போர்ட் காலாவதியாகும் தறுவாயில் இருந்தது. புதியது கிடைத்தால்தான் விசா. போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனால்தான் புதியது. செப்டம்பர் முதல் வாரத்தில் போய்ச் சேராவிட்டால் இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

ஜூலை முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அப்பா தொழிற்சாலைக்கும், நர்ஸாக இருந்த அம்மா ஆஸ்பத்திரிக்கும் போய்விடுவார்கள். கேட் சத்தம் கேட்டாலே ஜன்னலுக்கு ஓடுவேன். வந்ததெல்லாம் கேஸ்காரரும் தபால்காரரும்தான். நான் வெளியே போனது எஸ்.டி.டி. பூத்துக்கு மட்டும். லண்டனுக்குப் பேசி, பாஸ்போர்ட் அடுத்த வாரம் வந்துவிடும் என்று கூசாமல் புளுகிவிட்டு ஓடி வருவேன்.

ஆகஸ்ட் பிறந்தும் போலீஸ் வரவில்லை. பொறுமை போய், அப்பாவை இழுத்துக்கொண்டு போலீஸ் ஆபீஸுக்குப் போனேன். அங்கிருந்த ரைட்டர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார். ஆள் வந்து விசாரித்தாயிற்றாம். அந்த விலாசத்தில் அப்படி யாரும் இல்லை என்று பக்கத்து வீட்டு அம்மாவே சொல்லிவிட்டாராம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எங்கள் வீட்டு இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டே சட்னியில் உப்பு இல்லை என்று குறை சொல்லும் அதே அம்மா! சாயங்காலமே போய்க் கத்தினேன்.

"ஏன் ஆன்ட்டி அப்படிச் சொன்னீங்க? நாங்க உங்களுக்கு என்ன பண்ணினோம்?"

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார். எங்களோடு பேசுவதற்கென்று வைத்திருந்த ஓட்டைத் தமிழில் சொன்னார்.

"போலீஸா அவன்? யூனிஃபார்ம் இல்லாம கலர் டிரெஸ்ல வந்தானே. உங்க வீடு பூட்டியிருந்துச்சு. 'தமிழ்க்காரங்க வீடு எது?'ன்னு கேட்டான். யாரூ இல்ல, ஊரிகெ ஹோகித்தாரெ, ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொல்லிட்டேன். காவிரி கலாட்டாவுல நாலு பேரு வந்து இப்படித்தான் கேட்டானுங்க. அவனுங்களுக்கும் இதேதான் சொன்னேன்."

என் பின்னாலேயே வந்திருந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். தமிழர்களைத் தேடித் தேடி அடித்த அந்தக் கலவர நாட்களில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். நம்ம தெருப்பக்கம் ஒரு ஈ காக்கா கூட வரவில்லை என்று அப்பா இன்றைக்கும் பெருமையடிப்பார். வந்திருக்கிறார்கள். எங்கள் கதவுக்கு ஒரு வீடு முன்னால் நின்று கேட்டிருக்கிறார்கள்.

மறுநாள் காலை ஆன்ட்டி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு எங்களோடு போலீஸ் ஆபீஸுக்கு வந்தார். தான் சொன்னது பொய் என்று அவர் ஒப்புக்கொண்டதும் இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டினார். போலீஸிடமே பொய்யா, பிடித்து உள்ளே தள்ளட்டுமா என்று சத்தம் போட்டார். ஆன்ட்டி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"தள்ளுங்க சார்," என்றார் கன்னடத்தில். "அதுக்கு முன்னாடி, இந்தப் பொண்ணு அந்த வீட்டுலதான் இருக்கான்னு எழுதிடுங்க."

இன்ஸ்பெக்டர் அவரை முறைத்தார். பிறகு ஃபைலை எடுத்துவரச் சொன்னார்.

பாஸ்போர்ட் வந்தது. ஆகஸ்ட் கடைசியில் விசாவும் கிடைத்தது. நான் கிளம்பிய காலையில், வழியனுப்ப வந்த ஆன்ட்டியிடம் அம்மா அதுவரை கேட்காததைக் கேட்டாள்.

"அவங்க தேடி வந்ததை இத்தனை வருஷமா எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிருப்பீங்களே," என்றார்.

ஆட்டோ வாசலில் வந்து நின்றது. என் பெட்டியை அவர்தான் தூக்கிக் கொடுத்தார்.