அப்பாவுக்கு வந்த கார் சீட்

“ஒக்காரு. நல்லா சாஞ்சி ஒக்காரு,” என்றார் ஜெர்சி அக்கா.

கூடத்தில் போட்டிருந்த கார் சீட்டில் நான் உட்கார்ந்தேன்.

“எப்பிடி கீது?”

“நல்லா இருக்குக்கா. அப்படியே உள்ள இழுத்துக்குது.”

“அதான் சீட்டு. வண்டி எப்பிடி வளைஞ்சாலும் ஆளு நகரக் கூடாது. நாள் பூரா ஒக்காந்தாலும் இடுப்பு வலிக்காது. நாங்க போட்ற சீட்டு, எனக்குத் தெரியாதா?”

பிறகு எழுந்திருக்கச் சொன்னார். நான் இரண்டு பக்கமும் கையை ஊன்றி முன்னால் சரிந்தேன். ஒரு முறை பின்னுக்கு விழுந்து, மறுபடி முயன்றுதான் எழ முடிந்தது.

“இன்னாடி, இந்த வயசுலயே கெழவியாட்டம் எழுந்திரிக்கிற?”

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த அவருடைய அப்பா யாக்கோபு மட்டும் சிரிக்கவில்லை. நான் எப்போது நகர்வேன் என்று காத்திருப்பவர்போல் அந்த இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வடக்குப்பட்டில் அவர்கள் வீட்டு மாடி அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். ஜெர்சி அக்காவுக்கு ஒரகடத்தில் கார் இருக்கை செய்யும் கம்பெனி ஒன்றில் ஒப்பந்த வேலை. எனக்கும் அங்கேதான் வேலை. பஞ்சின்மேல் உறையை இழுத்து மாட்டுவார். கட்டைவிரல்கள் இரண்டும் காய்த்துப் போயிருக்கும். மணிமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர், கணவர் இறந்ததும் அப்பாவிடமே திரும்பிவிட்டார். பிள்ளைகள் இல்லை. கம்பெனி பஸ் சிக்னலில் நின்றால் பக்கத்துக் காருக்குள் எட்டிப் பார்த்து, “அது செகண்ட் ஷிப்டுல போட்டது, உறை சுருங்கிக் கீது பாரு,” என்பார். அது சரியா தவறா என்று கேட்க பஸ்ஸில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

யாக்கோபு லாரி ஓட்டியவர். சர்க்கரை உண்டு. ஒரு வருடமாகச் சிறுநீர் அடங்குவதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போவதற்குள் பாதி வழியிலேயே வேட்டி நனைந்துவிடும். மருந்துக் கடைக்காரர் நடுவில் ஓட்டை வைத்த நாற்காலியைக் காட்டியபோது, அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் சாப்பிட மாட்டேன் என்று மகளிடம் சொல்லிவிட்டார். காரணம் அன்பியம். தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வீடு மாற்றி வீடு கூடிச் செபமாலை சொல்வார்கள். அந்தக் கூடத்தில், மாதா சுருபத்துக்கு எதிரில், அப்படியொரு நாற்காலியில் தன்னை யாரும் பார்க்கக் கூடாது என்பது அவருக்கு உயிர்ப் பிரச்சினை.

பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கியது, முதுகும் நொந்தது. அதனால்தான் அக்கா பிள்ளைப்பாக்கம் பழைய இரும்புக் கடையில் கழித்துப் போட்ட டிரைவர் சீட் ஒன்றைத் தேடிப் பிடித்தார். அந்தப் பக்கத்து டீக்கடைகளில் கார் சீட்டுக்குக் கால் வைத்துப் போட்டிருப்பது சாதாரணம். இவரும் இரும்புக் கால் வெல்டிங் வைத்து, கறுப்பு ரெக்சினில் தானே புது உறை தைத்து மாட்டினார். ரெக்சின் தண்ணீர் குடிக்காது, துணியால் துடைத்தால் போதும் என்றார்.

“லாரியில ஏறி ஒக்காந்தாப்ல கீது பாப்பா,” என்று யாக்கோபு மகளிடம் சொன்னார். அத்தோடு அவர் எழுந்திருப்பது குறைந்துபோனது.

முன்பெல்லாம் எனக்கு நைட் ஷிப்ட் இருக்கும் வாரங்களில், பகலில் அவர் செருப்பு தரையில் தேயும் சத்தம் மாடிக்குக் கேட்கும். அது நின்றது. அக்கா ஷிப்ட் முடிந்து வரும்வரை அவர் அப்படியே சாய்ந்திருந்தார். வீட்டில் ஒரு வாடை வந்தது. ஈரத்துணி முடங்கிக் கிடப்பது போன்ற வாடை. அக்கா டெட்டால் விட்டுத் துடைத்தார். என் கையைப் பிடித்து இருக்கைமேல் வைத்து, “பாரு, காஞ்சிதான கீது?” என்றார். காய்ந்துதான் இருந்தது. ஆனால் இரும்புக் காலில் செவ்வெறும்புகள் வரிசையாக ஏறி, தையலுக்குள் நுழைந்துகொண்டிருந்தன. பிஸ்கட் தூளுக்கு வருகின்றன என்று சொல்லிச் சாக்பீஸ் கோடு போட்டார். மறுநாள் எறும்புகள் கோட்டைச் சுற்றிக்கொண்டு ஏறின.

அப்பாவை மகள் இடுப்புக்குக் கீழே பார்ப்பது அந்த வீட்டில் நடக்காத காரியம். ஞாயிற்றுக்கிழமை அக்காவின் தம்பி டெனிசன் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்து குளிப்பாட்டுவார். பிறகு டெனிசனுக்கு ஞாயிறும் ஓவர்டைம் வந்தது. யாக்கோபு தானே ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதாகச் சொன்னார். நோவு இருப்பதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த மாத அன்பியம் அவர்கள் வீட்டில் நடந்தது. டெனிசனும் வந்திருந்தார். கடைசி மன்றாட்டுக்கு எல்லோரும் எழுந்தார்கள். யாக்கோபும் கையை ஊன்றினார். உடம்பு எழும்பவில்லை. பெண்கள், நீங்க ஒக்காந்தே சொல்லுங்க, ஆண்டவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு என்றார்கள். அவர் கேட்கவில்லை. டெனிசன் போய் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். இருக்கையில் ஒட்டியிருந்த வேட்டி உரிந்துகொண்டு வந்தது. யாக்கோபின் வாயிலிருந்து மூச்சுபோல ஒரு சத்தம் வந்தது. செபம் நிற்கவில்லை. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

கூட்டம் போன பிறகு டெனிசன் அப்பாவை உள்ளே கூட்டிப்போய்விட்டுத் தனியாக வெளியே வந்தார்.

“யக்கா, முதுகுக்குக் கீழ குழி வுழுந்து கீது. உள்ள வெள்ளையா தெரியுது. எலும்பா இன்னான்னு தெரியல.”

அக்கா குறடை எடுத்துவந்து உறையைப் பஞ்சோடு பிணைத்திருந்த கம்பிகளைப் பிடுங்கினார். பஞ்சு கறுத்திருந்தது. அழுத்தினால் கசிந்தது.

“ஊசி எறங்கின எடமெல்லாம் ஓட்டதான,” என்றார். கொஞ்சம் கழித்து, “எங்க கம்பெனில ஒக்காந்து பாக்கத்தான் டெஸ்ட்டு. எழுந்து பாக்க ஆரு கீறாங்க?”

அரசு மருத்துவமனையில் புண்ணைச் சுத்தம் செய்து, மருந்து போட்டு அனுப்பினார்கள். எப்படிப்பட்ட இருக்கை வேண்டும் என்று நர்ஸ் சொன்னதை அக்கா என்னிடம் வரிசையாக ஒப்பித்தார். பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் படியும் உயரம் வேண்டும். இடுப்பைவிட முட்டி மேலே போகக் கூடாது. ஊன்றி எழ இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். மெத்தை தனியாகக் கழற்றிக் கழுவுகிறதாக இருக்க வேண்டும், உட்காரும் இடத்தில் தையலே ஆகாது. எதில் உட்கார்ந்தாலும் அடிக்கடி எழுப்பி நிறுத்த வேண்டும். இப்போதைக்குக் கொஞ்ச நேரம்தான் உட்காரலாம், மற்ற நேரம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். புண் சிவப்பாக இருந்தால் ஆறுகிறது என்று அர்த்தம். கறுத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் தூக்கிவர வேண்டும். சர்க்கரை உடம்பு, உயிருக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது.

கைவைத்த மரநாற்காலி ஒன்று வந்தது. அதன் காலுக்கடியில் கட்டை வைத்து உயர்த்தினார்கள். டெனிசன் வேலையை நைட் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு தினமும் காலையில் வந்து கட்டு மாற்றினார். மாற்றும்போது படம் எடுத்து நர்ஸுக்கு அனுப்ப யாக்கோபு சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். ஜெர்சி அந்தப் படத்தைப் பார்க்கவே கூடாது. மாதா சுருபத்தின்மேல் மகளைக் கைவைக்கச் சொல்லி வாக்கு வாங்கிக்கொண்டார்.

நர்ஸின் எண் அக்காவின் போனில் இருந்ததால் படமும் அதிலேயே எடுக்கப்பட்டது. டெனிசனே அனுப்பிவிட்டுப் போவார். போனைக் கையில் வைத்துக்கொண்டே அக்கா அதைத் திறந்து பார்க்காமல் வேலைக்குப் போவதை நான் பல நாள் கவனித்திருக்கிறேன்.

ஒருநாள் காலை கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். டெனிசன் கட்டு மாற்றிவிட்டு அக்காவின் முகத்தைப் பார்க்காமலே கிளம்பிப் போனாராம். நர்ஸ் போனை எடுக்கவில்லை. ரவுண்டானா பக்கம் பஸ் திரும்புவது தெரிந்தது. அக்கா போனைக் கவிழ்த்துப் பிடித்தபடி என்னிடம் நீட்டினார்.

“வாக்கு குடுத்தது நான்தான், நீ இல்ல. நீ பாரு. செவப்பா, கறுப்பா, அத மட்டும் சொல்லு. எனக்காவ மாத்திச் சொல்லாத.”