வளவுக்குக் கீழே ஒரு விளிம்பு

பூமியின் ஆழத்தில் என்ன இருக்கிறது என்று ஆராய்வது என் வேலை. எங்கள் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் என்னிடம் யாரும் கேட்டதில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணிடம் சொத்து விஷயம் பேசும் கெட்ட பழக்கம் எங்கள் பங்காளிகளுக்குக் கிடையாது.

காரைக்குடியில் உள்ள அந்த வீட்டில் இப்போது இருப்பது அப்பச்சி, அதாவது என் அப்பா, ஒருவர்தான். நடு முற்றமான வளவைச் சுற்றிப் பங்காளிகளுக்கு ஆளுக்கோர் அறை. எல்லா அறையிலும் பூட்டு. ஓடு ஒழுகுகிறது, அப்பச்சிக்கு முழங்கால் மடங்கவில்லை. வீட்டை ஓர் ஓட்டல்காரருக்குக் கொடுத்துவிட்டுப் படியில்லாத சின்ன வீடாகப் பார்த்துப் போய்விட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. ஒரு பங்காளி கையெழுத்துப் போடாவிட்டாலும் விற்க முடியாது. அதிசயமாக அத்தனை பேரும் சம்மதித்திருந்தார்கள். முன்னோர்களுக்குப் படைக்கும் படைப்புக்கு எல்லோரும் வருவது, மறுநாள் காலை கையெழுத்து என்று பேச்சு.

படைப்புச் சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது பெரியப்பச்சி பொழுது போகாமல், “நீ என்னதான் ஆராய்ச்சி பண்றே ஆத்தா?” என்றார். நானும் மெனக்கெட்டுச் சொன்னேன். கண்டங்களுக்கு அடியில் மிகப் பழைய, கெட்டியான பாறை வேர்போல இறங்கியிருக்கும். இன்னும் ஆழத்திலிருந்து சூடாக எழும் பாறை அதன் நடுவைத் துளைக்க முடியாமல் விளிம்புக்கு ஒதுங்கும். அங்கே மேலேறி உருகும். அந்தக் குழம்பு விரிசல்கள் வழியாகச் செம்பு, நிக்கல் என்று உலோகங்களை மேலே கொண்டுவரும். அதனால்தான் தாது தேடுகிறவர்கள் இந்த விளிம்புகளைத் தேடுகிறார்கள். நம் பக்கம் அப்படி ஒன்று உண்டா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எந்தக் கருத்தரங்கிலும் எனக்கு அப்படி ஒரு நிசப்தம் வாய்த்ததில்லை.

காலையில் யாரும் பேனாவைத் திறக்கவில்லை. பெரியப்பச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, “அந்த விளிம்பு வளவுக்கு இங்குட்டு வருதா, அங்குட்டு வருதா?” என்று கேட்டார். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த சித்தப்பா எழுந்துபோய்த் தன் அறைத் தரையைப் பார்த்துவிட்டு வந்தார். காலங்காலமாக வீட்டை அறை அறையாகப் பிரித்துக்கொண்டவர்கள், பூமியின் அடிவயிற்றையும் அதே கணக்கில் பிரித்துவிட்டார்கள்.

என் வரைபடத்தில் சிவகங்கை மாவட்டமே ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும் என்றேன். விளிம்பே இருந்தாலும் மேலே தாது இருக்கும் என்று நிச்சயமில்லை என்றேன்.

“விவரமான பிள்ளை, வெளிய சொல்லாது” என்று சித்தப்பா என்னை மெச்சினார். பிறகு அப்பச்சியிடம் திரும்பி, “கொஞ்சம் பொறுங்கண்ணே. அப்படி எங்குட்டுப் போகப் போறீக?” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பச்சி முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

மதியத்துக்குள் அவரவர் அறைக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டுவிட்டு எல்லோரும் ஊருக்குக் கிளம்பினார்கள்.

இந்த மழைக்கு அப்பச்சி போன் செய்தார்.

“நீ சொன்னது சரிதான் ஆத்தா. நடு கெட்டியாத்தான் இருக்கு, விளிம்புலதான் ஒழுகுது. கட்டிலை ஹாலுக்கு நடுவுல இழுத்துப் போட்டுட்டேன்.”

அன்றைக்கு நான் சொன்னதை ஒழுங்காகக் கேட்டிருந்தவர் அவர் ஒருவர்தான். அது தேக்குக் கட்டில், இரண்டு பேர் சேர்ந்தாலே நகராது.

“யார் இழுத்தா அப்பச்சி?”

“நான்தான். இங்க வேற யாரு இருக்காக?”